பாட்டுக்குச் சாகாத பேட்டரி

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜாலான் புசார் தெருவில் இறங்கி, இந்தக் காருக்கு எந்த பேட்டரி போடலாம் என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். படித்தவர்கள் கைப்பேசியில் தேடு தேடென்று தேடிவிட்டுக் கடைசியில் என் முன்னால்தான் வந்து நிற்பார்கள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களும் பிற்பாடு வண்டியைக் கொண்டுவந்து என் வாசலில்தான் நிறுத்தினார்கள். நான் எடுத்துக் கொடுத்த பேட்டரி காலத்துக்கு முன்னால் படுத்துவிட்டது என்று ஒரு மனிதர் சொன்னதில்லை. போன வாரம் வரைக்கும்.

என் தம்பி ஈசூனில் இருக்கிறான். ஐம்பத்தொன்பது வயது, பேத்தி எடுத்துவிட்டான். எனக்கு அவன் இன்னும் லாரிப் பையன்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவனுடைய கார் இந்தக் காலத்துக் கார். சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துகொள்ளும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக விழித்துக்கொள்ளும். தேக்காவிலிருந்து ஈசூன் போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை தூங்கி எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும், நினைத்துப் பாருங்கள். அதற்குச் சாதாரண பேட்டரி வருஷம் தாங்காது.

போன வருஷம் பழைய பேட்டரி போனபோது தம்பி மகன் இணையத்தில் மலிவாக ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். நீளம் அகலம் எல்லாம் சரி, பாதி விலை, இதையே போடலாம் அத்தை என்றான்.

"அளவு சரிடா. பாசிட்டிவ் எந்தப் பக்கம்னு பாத்தியா? உன் காடிக்கு வலது பக்கம். இதுல இடது பக்கம். ஒயரு என்ன ரப்பரா, இழுத்து மாட்ட?" என்றேன். பையன் பொறியியல் படித்தவன். அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

நான் எடுத்தது ஏஜிஎம் என்கிற வகை. உள்ளே அமிலம் தண்ணீர் மாதிரி குலுங்காது. பஞ்சு மாதிரி ஒரு கண்ணாடி நாரில் ஊறிக் கிடக்கும். தூங்கித் தூங்கி எழுந்திருக்கும் கார்களுக்கு அதுதான் லாயக்கு. அதைக் கொண்டுபோய் என் கையாலேயே மாட்டிவிட்டு, "நாலு வருஷத்துக்கு இதைத் தொறந்துகூடப் பாக்காதே. நடுவுல ஏதாவது ஆனா என் கடைப் பேரை மாத்திக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லாமல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியாது. பிறவிக் குணம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, காடியில சத்தமே இல்ல லா. கதவே தொறக்கல. ரிமோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற சின்னச் சாவியப் போட்டுத் திருகித்தான் தொறந்தேன்."

அன்றைக்குத் தம்பி மனைவிக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த நாள். மழையில் டாக்சி பிடித்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் முறை தவறிவிட்டது. இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் ஒற்றைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டில் அழுதபடி உட்கார்ந்திருக்கிறாளாம்.

"நீ குடுத்த பேட்டரி, குத்தம் சொல்ல மாட்டேன். யாரோ உள்ள எதையோ போட்டுட்டு அணைக்காம விட்டிருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு" என்றான் தம்பி.

நான் ஒரு புது பேட்டரியையும் சோதிக்கிற கருவியையும் வேனில் போட்டுக்கொண்டு போனேன். கையில் ஒன்று இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் ஐந்தாவது தளம். நாலு பக்கமும் மழை திரை போட்டிருந்தது. எதிர் பிளாக்குகள் எல்லாம் கரைந்து, மேகத்தில் மிதக்கிற கப்பல்கள் மாதிரி தெரிந்தன. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் தூணோடு தூணாக அவனுடைய பேத்தி. ஏழு வயது. பள்ளி விடுமுறை. இரண்டு குடுமி. ஒரு குடுமியில் ஸ்ட்ராபெரி போட்ட கிளிப் இருந்தது. இன்னொன்று வெறும் ரப்பரோடு இருந்தது.

முன்மூடியைத் தூக்கிக் கருவியின் இரண்டு கவ்விகளையும் மாட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது ஒரு சின்னச் சீட்டை வெளியே தள்ளியது. பேட்டரி நல்லது, சார்ஜ் மட்டும் போடவும் என்று போட்டிருந்தது. அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும்.

அதாவது பேட்டரி சாகவில்லை. வடிந்திருக்கிறது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்குப் போடுகிற திருகு சின்ன விளக்குக்குத் திரும்பி நின்றது. சாயங்காலம் முழுதும் ராத்திரி முழுதும் அந்தச் சின்ன விளக்கு எரிந்து எரிந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. திருகுக்குக் கீழே, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில், ஸ்ட்ராபெரி போட்ட கிளிப் கிடந்தது.

"என்னக்கா, செத்துடுச்சா?" என்று தம்பி வெளியிலிருந்து கேட்டான்.

ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் கிளிப். கண்ணாடியில் மழை வழிந்தது. திரை, முள், எண் எதிலும் வெளிச்சமில்லாத அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ரெக்ஸின் வாசனை அடித்தது. இந்தக் காரில் ரெக்ஸினே கிடையாது.

*

எனக்கு அப்போது ஏழு வயது. ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். கீழே இரும்புச் சாமான் கடை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, டாக்சி ஓட்டினார். கல்யாணம் ஆகவில்லை. டாக்சியைத்தான் குளிப்பாட்டுவார், துடைப்பார், பேசுவார். மழை வந்தால் எங்களுக்குக் குடை உண்டோ இல்லையோ, டாக்சிக்குத் தார்ப்பாய் உண்டு. அந்தத் தெருவில் யார் வண்டி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "என் வண்டி இதுவரைக்கும் ரெண்டாந்தடவை சாவி திருகினதில்ல" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வார். எங்கள் குடும்பத்துக்கே கொஞ்சம் வாய் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. சித்தப்பா இரண்டு நாளாகச் சவாரிக்குப் போகவில்லை. டாக்சியைப் பின்சந்தில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார். "அண்ணி, வலி வந்ததும் ஒரு குரல் குடுங்க. அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி வாசல்ல இருப்போம்" என்று வேளைக்கு ஒரு தடவை சொல்வார்.

அன்று மத்தியானம் பெருமழை. எல்லாரும் படுத்திருந்தார்கள். நான் பின்படி வழியாக இறங்கி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, கதவைத் திறந்து டாக்சிக்குள் ஏறிக்கொண்டேன்.

அந்த மாதிரி ஓர் இடத்தில் அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை. தார்ப்பாய்க்கு அடியில் பச்சையும் கறுப்புமாக ஓர் இருட்டு. ரெக்ஸின் வாசனை, சித்தப்பாவின் தலை எண்ணெய் வாசனை. மேலே மழை அரிசி கொட்டுகிற மாதிரி கொட்டியது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. சித்தப்பா சாயங்காலத்தில் அதை இழுப்பார், பார்த்திருக்கிறேன். இழுத்தேன். முன்னால் இருந்த வட்டங்கள் எல்லாம் பச்சையாக எரிந்தன. கடலுக்கு அடியில் யாரோ கண் விழித்த மாதிரி இருந்தது.

தலையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அந்தக் குமிழில் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று கேட்டால் தெரியாது. குமிழ் மொட்டையாக இருந்தது, பாவமாக இருந்தது. பிறகு ஓட்டினேன். தேக்கா மார்க்கெட் மேல் ஏறி, கோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, அப்பா வேலை செய்கிற கப்பல்களுக்கு நடுவில் இறங்கி, தண்ணீருக்குள் போனேன். மீன்கள் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தன. அப்படியே தூங்கிவிட்டேன்.

அம்மா கூப்பிடுகிற குரல் கேட்டுத்தான் விழித்தேன். அடி விழும் என்ற பயத்தில் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஓட்டம். தார்ப்பாய்க்குள்ளே பச்சை வட்டங்கள் எரிந்துகொண்டே இருந்தன. வெளியில் யாருக்கும் தெரியவில்லை.

விடியற்காலையில் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. சித்தப்பா படியில் பறந்து இறங்கினார். நான் பின்சன்னலில் நின்று பார்த்தேன். தார்ப்பாயை உருவினார். கதவைத் திறந்து குனிந்தார். குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த தடவை அதுகூட வரவில்லை.

தள்ளினார்கள். இரும்புக் கடை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர், அப்பா எல்லாரும். அம்மா பின்சீட்டில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தள்ளினாலும் எஞ்சினில் பொறி விழுவதற்கு பேட்டரியில் சொட்டாவது மிச்சம் வேண்டும். சொட்டுகூட இல்லை. பெரிய தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். மழை விடவில்லை. அம்மா கத்தினாள். அந்தக் கத்தல் எனக்கு மாடியில் கேட்டது.

அப்போதுதான் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லாரி வந்தது. ஓட்டி வந்த சீனர் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி, முட்டைக்கோஸ் கூடைகளை இரண்டு பக்கமும் தள்ளி இடம் பண்ணி, "நாயிக், நாயிக்" என்று மலாயில் அம்மாவை ஏறச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாளும் அப்பாவும் கூட ஏறினார்கள்.

தம்பி ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்கவில்லை. முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் பிறந்தான். பிறந்தவன் அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். வாசலில் ஒரு நர்ஸ் ஓடி வந்து காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்று திறந்த வாயை அவன் இன்னும் மூடவில்லை.

இதெல்லாம் அன்று சாயங்காலம் அப்பா வந்து சொல்லித் தெரிந்தது. சொல்லிவிட்டு அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மழையில் விட்டுவந்த பச்சை வெளிச்சம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வண்டி வண்டின்னு கொஞ்சுவியேடா! தெருவுல இருக்கிற எல்லார் வண்டியையும் பாக்கத் தெரியுது, சொந்த வண்டி தெரியலையா? அவ செத்திருப்பா. புள்ள செத்திருக்கும். யாருடா அந்த வண்டியத் தொட்டது?"

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை.

"யாரும் தொடலண்ணே. பேட்டரி செத்துப்போச்சு. பழசு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"நீ ஒரு டிரைவரு!" என்றார் அப்பா. வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார்.

எனக்கு உயிர் வந்தது. பேட்டரி தானாகவே செத்திருக்கிறது. வயசாகிச் செத்திருக்கிறது. என் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் சித்தப்பா ஒரு புது பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றினார், பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. வெந்நீர் ஊற்றிப் வெள்ளையாகப் பூப்பிடித்திருந்த ஒயர் முனைகளைக் கழுவினார், கிரீஸ் தடவினார். வண்டிக்கு எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் அவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூ சாத்தாமல் விடமாட்டார். பேட்டரிக்கும் வைத்தார். பிறகு சட்டைப்பையைத் தடவி, "அடடா, பூ வாங்க மறந்துட்டேனே" என்றார். இன்னொரு பையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து, பூச்சரம் மாதிரி பேட்டரியின் குறுக்கே கட்டினார்.

"சித்தப்பா, எங்கிட்டயும் இதே மாதிரி ஒன்னு இருந்துச்சு. காணாமப் போச்சு" என்றேன்.

"அப்படியா? கெடச்சா சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா அவர் டாக்சியில் ஏறுவதற்கு முன்னால் கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு, "மொதல்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்பாள். அவர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். காப்பிக் கடையில் அவரைப் பார்த்ததும் "டக்" என்று நாக்கால் ஒரு சத்தம் போடுவார்கள். 'ரெண்டாந்தடவை சாவி திருகினதில்ல' என்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

கழற்றிய பேட்டரியை அவர் தூக்கிப் போடவில்லை. எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து மாடிக்குக் கொண்டுவந்தார். ஏதோ பழைய காரில் கிடந்த ரேடியோவை அதோடு இணைத்தார். ரேடியோ பாடியது. தம்பி தொட்டிலில் கையைக் காலை ஆட்டினான்.

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே சித்தப்பா?"

"காருக்குச் செத்துச்சு. பாட்டுக்குச் சாகல" என்றார்.

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஒன்றுக்குச் செத்து இன்னொன்றுக்குச் சாகாத பொருள் உலகத்தில் உண்டு என்றால் அதை என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பதிமூன்று வயதில் பேட்டரி சார்ஜ் போடுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தது அந்த நினைப்பில்தான்.

*

"அக்கா, தூங்கிட்டியா? உன்னத்தான் கேக்கறேன். செத்துடுச்சா இல்லையா?"

தம்பி கண்ணாடியைத் தட்டினான். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குடுமியும் ஒரு கண்ணும் எட்டிப் பார்த்தன.

நான் சீட்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். விளக்குத் திருகை நேராக்கினேன். இறங்கினேன்.

"செத்துடுச்சு. நான் குடுத்த பேட்டரிதான் கோளாறு. யாரும் தொடல" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த அந்தக் குரல் என்னுடையதாக இல்லை. தலையைத் தூக்காமல் சொல்லியிருக்கிறேன் என்பதும் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தம்பி சிரித்தான் பாருங்கள், ஐந்தாவது தளம் முழுக்க எதிரொலித்தது. "அய்யய்யோ! உன் பேட்டரி படுத்துடுச்சா? நாலு வருஷம் தொறக்காதேன்னியே! கடைப் பேரு என்னக்கா இனிமே?" கைப்பேசியை எடுத்துத் தன் மனைவிக்குச் சொன்னான், மகனுக்குச் சொன்னான். இந்தத் தீபாவளிக்கு மட்டுமல்ல, வரப்போகிற எல்லாத் தீபாவளிக்கும் சேர்த்து அவனுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"சிரி, லாரிப் பையா, சிரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். கறுப்பு ஒயர் முதலில், பிறகு சிவப்பு. இந்தக் காலத்து பேட்டரி அரிசி மூட்டை கனம். அவன் உதவிக்கு வந்தான், கிட்ட வராதே என்று சொல்லிவிட்டேன். பழையதைத் தூக்கி இறக்கினேன், புதியதை இறக்கிப் பிடியை முறுக்கினேன். சிவப்பு, பிறகு கறுப்பு. இந்தக் கார்களுக்கு அதோடு முடிவதில்லை. கையடக்கக் கணினியை மாட்டி, உனக்குப் புது பேட்டரி வந்திருக்கிறது என்று காருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பழசுக்கு ஊட்டுகிற மாதிரியே புதுசுக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி மாற்றப்பட்டதா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அதற்கு மேல் அது ஒன்றும் கேட்கவில்லை. மணி, ரேடியோ, சன்னல் கண்ணாடி எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்பது எல்லாவற்றையும் கார் மறந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன்.

தம்பி மேலே போன பிறகு குழந்தை வேன் வரைக்கும் என் பின்னாலேயே வந்தது. நான் கிளிப்பை நீட்டினேன்.

"இது பேட்டரிக்கு அடியில கெடந்துச்சு."

"பேட்டரிக்கு அடியிலயா அத்தைப் பாட்டி?"

"ஆமா. எப்படிப் போச்சோ."

கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்போ லைட்டால இல்லையா?" என்றாள்.

"எந்த லைட்டு?" என்றேன்.

குடுமியில் கிளிப்பைக் குத்திக்கொண்டு லிப்ட்டைப் பார்த்து ஓடினாள். நடுவில் ஒரு தடவை குதித்தாள்.

பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுதும் சார்ஜ் போட்டு வைத்தேன். காலையில் கருவி இன்னொரு சீட்டைக் கொடுத்தது. நல்லது என்று மட்டும் போட்டிருந்தது. பேட்டரியை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். விற்க மனம் வரவில்லை.

சித்தப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. சாவு வீட்டில்கூட யாரோ அந்த பேட்டரிக் கதையை எடுத்தார்கள். "டக்" என்று நாக்கைத் தட்டிக் காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பேட்டரியைப் பார்த்தே வயது சொல்கிறவள் என்று பேர் வாங்கிய நானும் சிரித்தேன்.

சில மாதம் பாடிய பிறகு சித்தப்பா அந்தச் செத்த பேட்டரியை ரேடியோவிலிருந்து கழற்றி, காய்கறி லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவர் அதைத் தன் லாரியில் மாட்டிக்கொண்டார். அந்தச் சீனர் தினமும் விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே லாரியை அணைத்துவிட்டுக் காப்பி குடிப்பார். குடித்துவிட்டு ஏறிச் சாவியைத் திருகுவார். ரெண்டாந்தடவை திருகியதில்லை. ஒரே உதறலில் லாரி உறுமிக்கொண்டு தேக்கா பக்கம் கிளம்பும். வருஷக்கணக்கில் கிளம்பியது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டால், விடிவதற்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தூங்கலாம் என்று மட்டும் தெரியும். பக்கத்தில் கிடக்கிற தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.